தாத்தாவின் பல்லும் அடிபம்புத் தண்ணீரும்

போன பொங்கலுக்கு முன்னால் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு ஐஸ்கிரீம் டப்பா கையில் அகப்பட்டது. திறந்தால் உள்ளே முழுக்கப் பழைய டூத் பிரஷ். எண்ணிப் பார்த்தேன், 23. எங்கள் வீட்டில் யாரும் பிரஷ்ஷைத் தூக்கிப் போடுவதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பல்லிலிருந்து ஓய்வு பெற்றதும் அதற்கு வேறு உத்தியோகம் போட்டுக் கொடுத்துவிடுவோம். தலைக்கு டை அடிக்க ஒன்று, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கொலுசு தேய்க்க ஒன்று, தையல் மிஷினுக்கு அடியில் சேரும் பஞ்சை எடுக்க ஒன்று, என் பைக் செயினுக்கு ஒன்று. மிச்சமெல்லாம் "எதுக்காவது ஆகும்" என்ற கணக்கில் டப்பாவுக்குள்.

டப்பாவோடு பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தேன். உடைந்த பக்கெட், எண்ணெய் கேன், பேப்பர் எல்லாவற்றையும் எடைபோட்டு எடுத்துக்கொண்டவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, பிரஷ்ஷை மட்டும் திண்ணையில் கொட்டிவிட்டுப் போனார். "இது ஓடாது சார்." டப்பா ஓடும், பிரஷ் ஓடாது. ஏன் என்று அப்போது கேட்கவில்லை, பிறகு யோசித்தால் நியாயம்தான். கைப்பிடி ஒரு பிளாஸ்டிக், அதன் மேல் வழுக்காமல் இருக்க ஒட்டியிருக்கும் ரப்பர் இன்னொன்று, முள் நைலான், அந்த முள் கொத்துகளைக் குழிக்குள் பிடித்து வைக்க ஊசி முனை அளவுக்கு ஓர் உலோகத் துண்டு வேறு. 15, 20 கிராம் சாமானுக்குள் நாலு வகைப் பொருள். இதை யார் உட்கார்ந்து பிரிப்பார்கள்?

ஆனால் இதைப் பார்த்துப் பூமியைக் காப்பாற்றத்தான் நான் வேப்பங்குச்சிக்கு மாறினேன் என்று சொன்னால் அது பொய். அதற்குக் காரணம் எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன்.

நாங்கள் இருப்பது ஓசூரில். வாட்ச்மேன் பீகார்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். காலை ஐந்தரைக்கு நான் நடக்கக் கிளம்பும்போது கேட் ஓரத்தில் உட்கார்ந்து வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருப்பார். வாயில் குச்சி இருப்பதால் வணக்கத்தைத் தலையாட்டலிலேயே முடித்துவிடுவார். ஒரு நாள் சிரித்தார், பார்த்தேன், என்ன பல் அது, சோளக்கதிரில் மணி பதித்த மாதிரி. எனக்கு உடனே தாத்தா ஞாபகம். அடுத்த நாள் "எனக்கும் ஒண்ணு குடுங்க" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கேலி செய்கிறேனோ என்று நினைத்திருக்கலாம். அப்புறம் காலடியில் கிடந்த கொப்பிலிருந்து ஒன்றை ஒடித்து, இலையை உருவி, தன் சட்டையில் ஒரு துடை துடைத்துக் கொடுத்தார். "தாத்துன், சார்" என்றார், ஏதோ பிரசாதம் கொடுக்கிற மாதிரி.

தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன் வேப்பங்குச்சியில் பல் விளக்குவதற்குப் பீகாரிலிருந்து வந்தவரிடம் பாடம் கேட்க வேண்டியிருந்தது. வெட்கம்தான். எங்கள் தாத்தா வாழ்நாள் முழுக்கச் செய்ததை நான் ஒரு நாள்கூட உட்கார்ந்து கவனித்ததில்லை.

சரி, தாத்தா கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவே அதற்காகத்தான்.

தாத்தா 84 வயதில் போனார். கடைவாயில் இரண்டைத் தவிர பல்லெல்லாம் அப்படியே இருந்தது, அதுவும் வெள்ளையாக. கரும்பை வாயாலேயே உரிப்பார். எனக்கும் தங்கச்சிக்கும் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு, திட்டு. முன்பல்லில் பார்த்தால் வெற்றிலைப் பாக்குப் போட்டுத் துப்பியவன் மாதிரி இருக்கும். ஊரில் பெரியவர்கள் எங்களை நிற்க வைத்துச் சொல்வார்கள்: "உங்க தாத்தனப் பாருங்கடா, வேப்பங்குச்சிதான், பல்லு எப்படி இருக்குது. நீங்க பேஸ்டு பேஸ்டுன்னு பூசி பல்லக் கெடுத்துக்கிட்டீங்க." பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வகுப்பு முன்னால் நிற்க வைத்து, "பல்லே வெளக்க மாட்டியா?" என்று கேட்டார். நான் இரண்டு வேளை விளக்குகிறவன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் செங்கல் பொடியில் தேய்த்தேன், ஈறெல்லாம் எரிந்தது, கறை ஒரு துளி போகவில்லை. தங்கச்சி கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட வாய் திறந்து சிரிக்கவில்லை. போட்டோகிராபர் "சிரிங்க, சிரிங்க" என்று அன்று முழுக்கக் கெஞ்சிப் பார்த்தார்.

படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு ஒரு சொத்தைப் பல்லுக்காகப் பல் டாக்டரிடம் போனேன். நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, வாயைத் திற என்றார். திறந்ததும் முதல் கேள்வி: "சொந்த ஊர் தர்மபுரியா, கிருஷ்ணகிரியா?"

பல்லைப் பார்த்தே மாவட்டத்தைச் சொன்னார். அது கறையே இல்லை, மேலே படிந்ததே இல்லை என்று அவர்தான் விளக்கினார். எங்கள் பக்கத்துப் பாறையில் இருக்கிற சில தாதுக்களில் புளோரைடு உண்டு. பாறை இடுக்கில் வருஷக்கணக்காகத் தேங்கி நிற்கிற நிலத்தடி நீரில் அது கரைந்து இறங்குகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கணக்கு. அதற்கு மேல் இருக்கிற தண்ணீரைச் சின்னப் பிள்ளைகள் குடித்தால், ஈறுக்குள்ளே பல் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதன் எனாமல் கெட்டுவிடும். பல் வெளியே வரும்போதே அப்படித்தான் வரும். எட்டு வயசுக்குள் நடந்து முடிந்த காரியம் அது. அதற்கப்புறம் செங்கல் பொடி போட்டாலும் சரி, வேப்பங்குச்சி போட்டாலும் சரி, போகாது. இன்னும் அதிகமாக, இன்னும் நிறைய வருஷம் குடித்தால் எலும்பையே வளைத்துவிடும், அப்படி முதுகு வளைந்தவர்களை ஊரில் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாத்தா சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடித்தது தோட்டத்துத் திறந்த கிணற்றுத் தண்ணீர், மழை பெய்தால் மேலே ஏறும், வெயிலில் கீழே இறங்கும் தண்ணீர். எங்கள் தெருவுக்கு அடிபம்பு வந்தது நான் நடை பழகுகிற வயதில். கிணறெல்லாம் வற்றிப்போய், இனி சுத்தமான தண்ணீர் என்று சொல்லி ஆழமாகப் போர் போட்டு, கைப்பிடியை அடித்தால் வெள்ளிக் கம்பி மாதிரி கொட்டும் அந்தத் தண்ணீர். பார்க்க அவ்வளவு தெளிவு. நானும் தங்கச்சியும் அதைத்தான் குடித்து வளர்ந்தோம். சேலத்தில் மேட்டூர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்கள் மாமா பையனும் பேஸ்ட்டில்தான் விளக்கினான், அவனுக்குப் பல் வெள்ளை.

ஆக, ஊரே ஐம்பது வருஷமாக வேப்பங்குச்சிக்குச் சாட்சியாகக் காட்டிய தாத்தாவின் பல், உண்மையில் கிணற்றுத் தண்ணீருக்குச் சாட்சி. குச்சி பாவம், சம்பந்தமே இல்லாமல் நல்ல பெயர் வாங்கிக்கொண்டது. பேஸ்ட்டும் சம்பந்தமே இல்லாமல் திட்டு வாங்கியது.

(இப்போது எங்கள் ஊருக்குக் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது. ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013-இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், அதன் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ், அதாவது புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவது, என்ற சொல் இருக்கிறது. தங்கச்சி மகன்கள் இரண்டு பேருக்கும் பல் சுத்தமாக இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரைப் பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை.)

இதெல்லாம் தெரிந்தும் நான் ஏன் குச்சிக்குப் போனேன் என்றால், நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் நாள் நன்றாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒடித்தது கட்டைவிரல் தடிமன். மெல்லவே முடியவில்லை, தாடை வலித்ததுதான் மிச்சம். மறுநாள் பயந்துபோய்க் கொழுந்துக் குச்சியாக எடுத்தேன், அது வாயில் கீரை மாதிரி கரைந்து, பல்லிடுக்கெல்லாம் பச்சைத் துணுக்கு. மூன்றாம் நாள் வாட்ச்மேன் பொறுக்கமாட்டாமல் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்கு இந்தி அதைவிடக் கொஞ்சம், மீதியைச் சுண்டுவிரலைக் காட்டிப் புரிய வைத்தார். சுண்டுவிரல் தடிமன், ஒரு சாண் நீளம், கணு இல்லாத இடம், வளைத்தால் வளைய வேண்டும், ஆனால் துவளக்கூடாது.

ஒரு பக்கத்து நுனியில் அரை விரல் அளவுக்குத் தோலை மட்டும் பல்லால் உரித்துத் துப்ப வேண்டும். பிறகு அந்த நுனியைக் கடைவாயில் வைத்துக் கடி, கொஞ்சம் திருப்பு, மறுபடி கடி. அவசரப்பட்டால் சிம்பு சிம்பாகப் பிளந்து ஈறைக் குத்தும். மெதுவாகத் திருப்பித் திருப்பி மென்றால் ஒரு கட்டத்தில் கட்டை என்கிற குணமே போய் நார் நாராக விரிந்துவிடும், வெள்ளையடிக்கிற மட்டைத் தூரிகையின் குட்டி மாதிரி. அதற்குள் வாயெல்லாம் கசப்பு ஏறி எச்சில் ஊறிப் பெருகும். முதல் இரண்டு வாய் எச்சிலைத் துப்பிவிட வேண்டும். மூன்றாவதில் கசப்பு பழகிவிடும். இந்த எச்சில் ஊறுவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பேஸ்ட் நுரை கொடுக்கும், குச்சி நம்முடைய சொந்த எச்சிலையே வரவழைத்துக் கழுவச் சொல்லும்.

தேய்ப்பது ஈறிலிருந்து பல் நுனிப் பக்கமாக, மேல்பல்லுக்குக் கீழ்நோக்கி, கீழ்ப்பல்லுக்கு மேல்நோக்கி. ரம்பம் மாதிரி குறுக்கே இழுக்கக்கூடாது. முன்பல்லுக்கு இதைவிட நல்ல சாமானே கிடையாது, ஒவ்வொரு பல்லாகப் போய் நின்று தேய்க்கலாம். கடைவாயின் உட்புறம்தான் சிக்கல். பிரஷ்ஷில் முள் கைப்பிடிக்குக் குறுக்கே நிற்கிறது, குச்சியில் நார் அதே நேர்கோட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்பக்கம் போக வேண்டுமானால் நாரை மடக்கி, கன்னத்தை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, ஏதோ பூட்டுக்குள் சாவியைத் தேடுகிற மாதிரி தேட வேண்டும். முப்பது வருஷமாகப் பழகிய வாட்ச்மேனே அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார், பார்த்திருக்கிறேன்.

கடைசியில் வருவதுதான் எனக்குப் பிடித்த காட்சி. மென்ற நுனியை ஒடித்துப் போட்டுவிட்டு, மீதிக் குச்சியை நடுவில் நகத்தால் கீறி இரண்டாகப் பிளப்பார். "டிக்" என்று ஒரு சத்தம், நீளவாக்கில் சீராகப் பிரியும். ஒரு பாதியின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து வில் மாதிரி வளைத்து நாக்கை வழிப்பார். வழித்து முடித்துக் கொப்பளித்து, குச்சியைக் கழுவி, செடி ஓரமாகப் போட்டுவிடுவார். பிரஷ், பேஸ்ட், நாக்கு வழிக்கும் தகடு, மூன்றும் ஒரே ஒரு சாண் குச்சியில் முடிந்தது. போட்ட இடத்தில் ஒரு மாதத்தில் அடையாளமே இருக்காது.

இதற்குப் பத்து நிமிடம் ஆகும். பிரஷ்ஷில் நான் ஒரு நிமிடத்துக்கு மேல் விளக்கியதே இல்லை, யாரும் விளக்குவதில்லை, கடிகாரம் வைத்துப் பாருங்கள். குச்சி நன்றாக இருப்பதாக உணர்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இந்தப் பத்து நிமிடமாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். எங்கள் தாத்தா குச்சியை வாயில் வைத்துக்கொண்டே மாட்டை அவிழ்த்துக் கட்டுவார், மடை திருப்பிவிடுவார், எதிரே வருகிறவரிடம் ஹூம் ஹூம் என்றே ஊர்க்கதை பேசுவார். வாஷ்பேசின் முன்னால் நின்று செய்கிற வேலையே இல்லை அது.

ஆசாரக்கோவை காலைக் கடனைச் சொல்லும்போது "கோல் தின்று" என்கிறது. தேய்த்து என்றில்லை, தின்று. அந்தச் சொல் எவ்வளவு சரி என்பது மென்று பார்த்தால்தான் தெரியும்.

"ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி"யை எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அதில் வேல் என்றால் வேம்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறைய. வேல் என்பது கருவேல். ஆலும் கருவேலும் துவர்ப்பு, ஈறை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கும். வேம்பு கசப்பு. பழமொழியில் வேம்புக்கு இடமே இல்லை, ஆனால் நடைமுறையில் அதுதான் ஜெயித்தது, தெருவுக்குத் தெரு இருப்பதால் இருக்கலாம். கருவேலங்குச்சியும் விளக்கிப் பார்த்தேன், உண்மையில் எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது, நார் இன்னும் மிருதுவாக விரிகிறது. கிடைப்பதுதான் கஷ்டம். கருவேலம் என்று நினைத்துச் சீமைக்கருவேலத்தை ஒடித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், அது வேறு ஆள், இங்கே வந்து குடியேறியது. கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும், காய் மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே இடுங்கியிருக்கும், பட்டை கறுப்பு. சீமையின் பூ பூனைவால் மாதிரி நீளமாகத் தொங்கும். ஆவாரங்குச்சி, புங்கங்குச்சி, நாயுருவி எல்லாம் ஊரில் பயன்படுத்துகிறவர்கள் உண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதைப் படித்துவிட்டுக் காலையில் கிளம்புகிற ஆர்வக்கோளாறுகளுக்கு: பெயர் தெரியாத மரத்தில் கை வைக்காதீர்கள். நெடுஞ்சாலை நடுவில் வரிசையாகப் பூத்து நிற்கிறதே அரளி, குச்சி பார்க்க வழவழவென்று பல் விளக்கவே பிறந்த மாதிரி இருக்கும். வேர் முதல் பூ வரை விஷம். எட்டியும் அப்படித்தான். வேம்பிலும் ரோட்டு ஓரத்து மரம் வேண்டாம், புழுதியும் லாரிப் புகையும்தான் வாய்க்குள் போகும்.

கீழக்கரைக்கார நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சிரித்தார். "நீங்க இப்பதான் வர்றீங்க, நாங்க விடவே இல்லையே" என்றார். மறுநாள் ஒரு மிஸ்வாக் கொண்டுவந்து கொடுத்தார். நபிவழி என்பதால் தொழுகைக்கு முன் மிஸ்வாக் செய்வது அவர்களுக்கு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிற பழக்கம், ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் வாசலில் அத்தரும் தொப்பியும் விற்கிற இடத்தில் கட்டுக் கட்டாக இருக்கும். அது ஒரு மரத்தின் வேர். அரபு நாட்டு மரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் அது நம் பக்கத்து உகா மரம்தான், சங்கப் பாட்டில் பாலை நிலத்து மரமாக வருகிற அதே உகா. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கத்து வறண்ட கரையோரங்களிலும் நிற்கிறது. நாம்தான் மறந்துவிட்டு வெளிநாட்டிலிருந்து பாக்கெட்டில் வாங்குகிறோம்.

மிஸ்வாக்கை மென்றால் கசப்பே இல்லை. பச்சை முள்ளங்கியைக் கடித்தால் மூக்கில் ஏறுமே ஒரு காரம், அதுதான். கடுகிலும் முள்ளங்கியிலும் காரம் தருகிற அதே குடும்பத்துப் பொருள் இந்த வேரிலும் இருக்கிறது, கிருமியை அடக்குகிற குணம் அதற்கு உண்டு. குச்சிகளிலேயே அதிகமாக ஆராய்ச்சி நடந்ததும் இதில்தான். உலக சுகாதார நிறுவனமே 1986-இல், இந்த வழக்கம் இருக்கிற ஊர்களில் மக்கள் குச்சியைப் பயன்படுத்தட்டும் என்று சொன்னது. 2000-த்தில், இன்னும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் உண்டு.

வாட்ஸப் என்றதும், முதலில் கரியும் உப்பும் கூடாது என்றார்கள் பேஸ்ட் கம்பெனிக்காரர்கள், இப்போது அவர்களே பேஸ்ட்டில் உப்பு இருக்கா என்று கேட்கிறார்கள் என்ற அந்த ஜோக்கை இங்கே எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். அது எனக்கே நூறு தடவை வந்துவிட்டது. கரியும் சாம்பலும் செங்கல் பொடியும் எனாமலைச் சிராய்க்கும் என்பது இன்றைக்கும் உண்மைதான், செங்கல் பொடிக்கு என் ஈறே சாட்சி.

நாலு மாதம் குச்சி மட்டும் போட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போனேன், பெருமையாக. அவர் பார்த்துவிட்டு, முன்பக்கம் நன்றாக இருக்கிறது, கீழ்க் கடைவாய் உள்பக்கம் காரை கட்டியிருக்கிறது என்றார். இடது பக்கம் ஒரு பல்லில் ஈறு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. நான் இடது பக்கமே அழுத்தித் தேய்த்திருக்கிறேன். குச்சி என்று சொன்னதும் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "சொத்தையைத் தடுக்கிறது பிரஷ்ஷுன்னு நினைக்கிறீங்க. பாதி வேலை பேஸ்ட்ல இருக்கிற புளோரைடு செய்யுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாழ்நாளுக்கான புளோரைடை எட்டு வயசுக்குள் குடித்து முடித்தவனிடம் சொல்கிறார். அவரும் சிரித்தார். ஆனால் விளக்கினார்: நான் குடித்தது அளவுக்கு மீறி, பல் உருவாகிற வயதில், வயிற்றுக்குள் போனது. பேஸ்ட்டில் இருப்பது வளர்ந்த பல்லின் மேல் பட்டுத் துப்பப்படுவது. இந்தியாவில் விற்கிற பேஸ்ட்டில் புளோரைடு 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு, வரைதான் அனுமதி. சின்னப் பிள்ளைகள் முழுங்கிவிடும் என்பதால்தான் அவர்களுக்குப் பட்டாணி அளவு, அதைவிடச் சின்னதுகளுக்கு அரிசி அளவு என்று சொல்கிறார்கள். மருந்து, விஷம் எல்லாம் அளவில்தான் இருக்கிறது என்று எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதிலிருந்து என் ஏற்பாடு இதுதான். காலையில் குச்சி, ராத்திரி படுக்கும் முன் மெத்தென்ற பிரஷ்ஷும் பேஸ்ட்டும். சுத்த சைவக்காரர்கள் இதைச் சமரசம் என்பார்கள். சமரசம்தான்.

மனைவி மூங்கில் பிரஷ் வாங்கிப் பார்க்கலாமே என்றாள். வாங்கினோம். கைப்பிடி மூங்கில், முள் வழக்கம்போல் நைலான். அட்டையில் ரொம்பச் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. பிளாஸ்டிக்கே இல்லாத முள் வேண்டுமென்றால் பன்றி மயிர்தான், அதற்கு எங்கள் வீட்டில் ஓட்டு விழாது. வேடிக்கை என்னவென்றால் ஒரு காலத்தில் பிரஷ் என்றாலே பன்றி மயிர்தான். எலும்பில் கைப்பிடி செய்து அதில் மயிரைக் கோத்துத்தான் ஐரோப்பாவில் விற்றிருக்கிறார்கள். 1938-இல் டூபாண்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி நைலான் முள்ளைக் கொண்டுவந்த பிறகுதான் பன்றிகளுக்கு நிம்மதி. ஆக பிளாஸ்டிக் பிரஷ்ஷுக்கு இன்னும் நூறு வயசுகூட ஆகவில்லை. தாத்தா அதற்கு மூத்தவர்.

அப்புறம் ஆர்வத்தில் இணையத்தில் தேடினால் வேப்பங்குச்சி விற்பனைக்கு இருக்கிறது. ஒரே அளவில் நறுக்கிய பத்துக் குச்சி, காற்று நீக்கிய பிளாஸ்டிக் உறையில் அடைத்து, அதைக் குமிழ் உறையில் சுற்றி, கூரியரில் வீட்டுக்கு வரும். எங்கள் கேட்டுக்கு எதிரில் நிற்கிற மரத்துக்கு இந்த விலை தெரிந்தால் என்ன நினைக்கும்? குச்சியைக் கடையில் வாங்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் பிரஷ்ஷே தேவலை என்பது என் கட்சி. கைக்கெட்டுகிற தூரத்தில் மரம் இருக்கிறவர்களுக்கான சாமான் இது. மரம் இல்லாவிட்டால் இல்லை, அதில் குற்ற உணர்ச்சிக்கும் ஒன்றுமில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை ஏழு குச்சி ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிப் பிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்துக்கொள்கிறேன், வாரம் முழுக்கத் தாங்கும். முருங்கைக்காய் என்று நினைத்து மனைவி ஒரு தடவை நறுக்கப் போய்விட்டாள் என்பது அவள் தரப்புக் கதை. எனக்கென்னவோ வேண்டுமென்றே செய்த மாதிரிதான் தெரிகிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வருஷத்துக்கு நாலு பிரஷ் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு வேளைதான் என்பதால் முள் சீக்கிரம் விரிவதில்லை, இரண்டு போதும். மிச்சம் இரண்டு பிரஷ், தூக்கிப் பார்த்தால் 40 கிராம்கூட இல்லை. எங்கள் வீட்டுப் பால் பாக்கெட் உறையே ஒரு மாதத்தில் அதைவிட அதிகம் சேர்ந்துவிடுகிறது. இதை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக்கை ஒழித்தேன் என்று மார்தட்ட எனக்கு வாய் வராது. வாட்ச்மேனோடு காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, பேச முடியாத வாயோடு இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது கிடைத்திருக்கிறது. சத் பூஜைக்கு அவர் ஊருக்குப் போன இரண்டு வாரமும் நான் குச்சியையே மறந்துவிட்டேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் பைக் செயினைத் துடைக்க உட்கார்ந்தேன். பழைய பிரஷ் ஒன்றுகூட இல்லை, பேப்பர்காரர் திருப்பிக் கொடுத்த 23-ஐயும் அன்றைக்கே கோபத்தில் குப்பையில் கொட்டிவிட்டேன். மென்ற வேப்பங்குச்சியைக் கொண்டு முயன்று பார்த்தேன், மண்ணெண்ணெயில் நனைத்ததும் துவண்டுவிட்டது. குளியலறைக்குள் எட்டிப் பார்த்தால் மனைவியின் பிரஷ் இருந்தது, முள் கொஞ்சம் விரிந்த மாதிரிதான் பட்டது. "அது வாங்கி ஒரு மாசம்கூட ஆகல, எடுத்தீங்கன்னா தெரியும்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. எப்படித்தான் தெரிகிறதோ.